வயலில் பாம்புக்கடி: டிரோன் பறக்கும் முன்பு செய்ய வேண்டிய முதலுதவி

பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் இரவு நேரத்தில் நீர் பாய்ச்சப் போவது விவசாயிகளுக்குப் பழகிப்போன வேலை. கையில் டார்ச் விளக்கும் தோளில் மண்வெட்டியும் இருக்கும். வரப்பு சேறாக இருந்தால் செருப்பைக் கழற்றி மோட்டார் கொட்டகையிலேயே விட்டுவிட்டு வெறுங்காலுடன் நடப்பார்கள். நெல் விளையும் இடத்தில் எலி இருக்கும். எலியைத் தேடிப் பாம்பு வரும். சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் போர் போட்ட பிறகும் இதே கதைதான்.

நமது நாட்டில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று 2020-ல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டுள்ளது. சராசரியாக ஆண்டுக்கு 58 ஆயிரம் பேர். இவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்தினர். ஏறத்தாழ பாதிச் சாவுகள் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழை மாதங்களில் நேர்ந்தவை. இந்தச் சாவுகளை 2030-க்குள் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று மத்திய அரசு 2024 மார்ச் மாதத்தில் தேசியச் செயல்திட்டம் ஒன்றை வெளியிட்டது.

டிரோன் எனப்படும் ஆளில்லாக் குட்டி விமானம் இப்போது விவசாயிகளுக்குப் புதிதல்ல. 10 லிட்டர் தொட்டியுடன் வயலுக்கு மேல் பறந்து மருந்து தெளிக்கும் கருவி அது. அதே கருவி இப்போது மனிதருக்கான மருந்தையும் சுமக்கிறது. தெலங்கானா மாநிலம் விகாராபாத்தில் 2021 செப்டம்பரில் டிரோன் மூலம் மருந்தும் தடுப்பூசியும் அனுப்பும் சோதனை தொடங்கியது. அடுத்த மாதம் மணிப்பூரில் பிஷ்ணுபூர் மருத்துவமனையிலிருந்து லோக்டாக் ஏரியில் உள்ள கரங் தீவுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தடுப்பூசி அனுப்பியது. சாலை வழியே 26 கிலோ மீட்டர். வான் வழியே 15 கிலோ மீட்டர். பறந்து சேர 12 முதல் 15 நிமிடமே ஆயிற்று. ஆப்பிரிக்காவில் ருவாண்டா நாடு 2016 முதலே இரத்தப் பைகளை இப்படி அனுப்பி வருகிறது. கானா நாட்டில் 2019-ல் தொடங்கிய சேவையில் இரத்தம், தடுப்பூசியுடன் பாம்புக்கடி விஷமுறிவு மருந்தும் போகிறது.

இதைக் கேட்டதும், பாம்பு கடித்தால் போன் செய்தால் போதும், மருந்து வரப்பிலேயே வந்து இறங்கிவிடும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி நினைப்பது ஆபத்து.

விஷமுறிவு மருந்து வயலில் வைத்துப் போடும் ஊசி அல்ல. அது குதிரையின் உடலில் உருவாக்கி எடுக்கப்படுவது. சிலருக்கு அது உடனே கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கி, மூச்சு அடைத்து, இரத்த அழுத்தம் இறங்கிவிடும். அதைச் சமாளிக்க அட்ரீனலின் ஊசியைக் கையில் வைத்துக் கொண்டு மருத்துவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆகவே டிரோன் மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய இடம் சுகாதார நிலையமே தவிர வயல் அல்ல. கையிருப்பு தீர்ந்துபோன சிறிய நிலையத்துக்குப் பத்து குப்பி மருந்தை அவசரமாக அனுப்ப அது நல்ல வாகனம். எடை ஒரு கிலோ கூட வராது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. மழை கொட்டியது. அடுத்து தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தில் பாகூர் பகுதிக் கிராமங்கள் மிதந்தன. பாம்புகள் மேட்டைத் தேடி வீடுகளுக்குள் வருவதும் அப்போதுதான். புயல் அடிக்கும்போது டிரோன் பறக்காது. காற்று ஓய்ந்து, சாலை மட்டும் நீருக்குள் கிடக்கும் நாட்களில் அதன் அருமை தெரியும்.

மற்ற நாட்களில் இங்கே தூரம் பெரிய தடை அல்ல. வில்லியனூரிலிருந்து புதுச்சேரி நகரம் சுமார் 10 கிலோ மீட்டர். பாகூரிலிருந்து சுமார் 20. கோரிமேட்டில் ஜிப்மர், கதிர்காமத்தில் அரசு மருத்துவக் கல்லூரி, கரிக்கலாம்பாக்கத்தில் சமுதாய நலவழி மையம் ஆகியவை உள்ளன. பாகூருக்குத் தெற்கே உள்ளவர்களுக்குக் கடலூர் அரசு மருத்துவமனை கிட்டத்தில் இருந்தால் அங்கேயே போகலாம். உயிர் போகும் நேரத்தில் மாநில எல்லை பார்க்க வேண்டியதில்லை. காலம் வீணாவது சாலையில் அல்ல, சாலைக்கு வருவதற்கு முன்னால்தான். கடித்த பாம்பைத் தேடி அடிப்பதில் கால் மணி நேரம், கயிறு கட்டி இரத்தம் கீறுவதில் கால் மணி நேரம், மந்திரிப்பவர் வீட்டில் ஒரு மணி நேரம் என்று போய்விடுகிறது. அந்த நேரத்தை எந்த டிரோனும் மீட்டுத் தராது.

பாம்பு கடித்தவுடன் செய்ய வேண்டியவை அதிகம் இல்லை. கடிபட்டவரை அந்த இடத்தைவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார வைக்க வேண்டும், அல்லது படுக்க வைக்க வேண்டும். ஓடவோ நடக்கவோ விடக்கூடாது. தசை அசைய அசைய விஷம் விரைவாகப் பரவும். மோதிரம், மெட்டி, கொலுசு, வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் உடனே கழற்றிவிட வேண்டும். வீக்கம் ஏறிய பின் அவை சதையை இறுக்கிவிடும். எலும்பு முறிந்தால் கட்டுவது போல, மூங்கில் பத்தையோ கனத்த அட்டையோ வைத்து, துண்டால் தளர்வாகக் கட்டிக் காலை அசையாமல் வைக்க வேண்டும். கட்டுக்கும் சதைக்கும் இடையே ஒரு விரல் நுழைய வேண்டும். கடித்த நேரத்தைக் குறித்துக் கொள்வது நல்லது. தைரியம் சொல்வதும் முதலுதவிதான். கடித்த பாம்பெல்லாம் விஷப்பாம்பு அல்ல. விஷப்பாம்பும் கடித்த ஒவ்வொரு தடவையும் விஷத்தைச் செலுத்துவதில்லை.

செய்யக்கூடாதவையே அதிகம். கயிற்றால் இறுகக் கட்டக்கூடாது. இறுகக் கட்டினால் இரத்த ஓட்டம் நின்று கால் அழுகக்கூடும். யாரேனும் ஏற்கெனவே இறுகக் கட்டியிருந்தால் அதை வழியில் சட்டென்று அவிழ்க்கவும் கூடாது. தேங்கிய விஷம் ஒரேயடியாக மேலேறும். மருத்துவர் பார்த்து அவிழ்க்கட்டும். பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது, சுண்ணாம்பு தடவுவது, பச்சிலை கரைத்துக் கொடுப்பது, சாராயம் ஊற்றுவது எதுவும் உதவாது. விரியன் கடியில் இரத்தம் உறையும் தன்மையே கெட்டுவிடும். அந்த நிலையில் கீறிய காயம் நிற்காமல் ஒழுகும். பாம்பை அடித்து எடுத்துப்போக வேண்டியதும் இல்லை. தூர நின்று செல்போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் ஒரே மருந்துதான் போடப்படுகிறது. (அம்மருந்து தயாரிக்கத் தேவைப்படும் விஷத்தை, மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நீண்ட காலமாக வழங்கி வந்துள்ளது.)

மந்திரித்து, வேர் கட்டிப் பிழைத்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்களே என்று கேட்பார்கள். இருப்பார்கள். விஷம் ஏறாத கடி அது. விஷம் ஏறியவர்கள் வந்து சாட்சி சொல்வதில்லை.

வண்டிக்கு 108-ஐ அழைக்க வேண்டும். வண்டி வரத் தாமதமாகும் என்று தெரிந்தால் மோட்டார் சைக்கிளிலும் கொண்டு போகலாம். ஓட்டுபவருக்கும், பின்னால் அமர்ந்து பிடித்துக் கொள்பவருக்கும் நடுவில் கடிபட்டவரை உட்கார வைக்க வேண்டும். வாந்தி எடுத்தால் இறங்கி இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும்.

மருத்துவமனையில் சிறிது இரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துப் பார்ப்பார்கள். உறையாவிட்டால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள். உறைந்தாலும் உடனே வீட்டுக்கு அழைத்து வரக்கூடாது. விஷக்குறி பல மணி நேரம் கழித்தும் தெரியலாம் என்பதால் ஒரு நாள் முழுவதும் வைத்துக் கவனிப்பது வழக்கம். குழந்தைக்கும் பெரியவருக்கும் மருந்து அளவு ஒன்றே. குழந்தை சிறியதானாலும் பாம்பு செலுத்தும் விஷம் சிறியதல்ல அல்லவா?

கட்டு விரியன் விஷயத்தில் தனி எச்சரிக்கை வேண்டும். அது இரவில் வீட்டுக்குள் வந்து, தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியோ வீக்கமோ தெரியாது. பல் பட்ட தடம் கூடத் தென்படாது. விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுவார்கள்; கண் இமை தொங்கும், பேச்சு குழறும், பிறகு மூச்சு நின்றுவிடும். வயிற்று வலிக்குக் கஷாயம் போட்டுக் கொண்டிருப்பதற்குள் காரியம் கெட்டுவிடுகிறது. தரையில் படுப்பவர்கள் கொசுவலையைப் பாயின் கீழே செருகிப் படுத்தால் பெரும்பாலும் தப்பலாம்.

ஸ்வீடனில் ட்ரோல்ஹெட்டன் நகரில் 2021 டிசம்பரில் 71 வயது முதியவர் வீட்டு வாசலில் பனியை அள்ளும்போது இதயம் நின்று விழுந்தார். இதயத்தை மின் அதிர்ச்சியால் மீண்டும் இயக்கும் கருவியை டிரோன் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் கொண்டு வந்து இறக்கியது. அவர் பிழைத்தார். ஆனால் அந்த வழியே காரில் வந்த மருத்துவர் ஒருவர் ஏற்கெனவே அவர் மார்பை அழுத்திக் கொண்டிருந்தார். கருவியைப் பொருத்தியதும் அவரே. பக்கத்தில் கை தெரிந்த ஒருவர் இல்லாவிட்டால் கருவி பனியில் கிடந்திருக்கும்.

மார்பை அழுத்தும் முறையைக் கற்க மருத்துவப் படிப்பு தேவையில்லை. மோட்டார் கொட்டகையில் மின்சாரம் தாக்கி விழுந்தவரை முதலில் தொடக்கூடாது. மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். பிறகு தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால், மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சின் நடுவே இரு கைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். வண்டி வரும் வரை நிறுத்தக்கூடாது. கை ஓய்ந்தால் அடுத்தவர் மாற வேண்டும். அரிவாள் வெட்டுக்குச் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்துவதே மருந்து, காப்பித்தூள் அல்ல. பூச்சி மருந்து மேலே கொட்டினால் துணியைக் களைந்து சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். குடித்துவிட்டவரை வாந்தி எடுக்க வைக்காமல், மருந்துப் பாட்டிலுடன் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

தொழிற்சாலைச் சட்டம் 1948-ல் வந்தது. அது நடப்பில் இருந்த 2025 வரை, 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டியும், அதைக் கவனிக்கப் பயிற்சி பெற்ற ஒருவரும் இருந்தாக வேண்டும் என்று அது விதித்திருந்தது. வயலுக்கு அப்படி எதுவும் இல்லை. செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பும் நாடெங்கும் முதலுதவிப் பயிற்சி அளிக்கின்றன. தனியாள் கேட்பதைவிடப் பால் சங்கமோ மகளிர் சுய உதவிக் குழுவோ சேர்ந்து கேட்டால் ஊருக்கே வந்து நடத்தச் சொல்ல வசதியாக இருக்கும். வாயால் கேட்டு மட்டும் இது வராது. பொம்மையின் மார்பில் கை வைத்து அழுத்திப் பழக வேண்டும். நீர் பாய்ச்சப் போகிறவர் தானே கடிபடுவார் என்பதால், வீட்டில் இருப்பவர்களும் அடுத்த கொல்லைக்காரரும் பழகியிருப்பது அவசியம்.

விஷமுறிவு மருந்து எந்த நிலையத்தில் இருக்கிறது, இரவில் மருத்துவர் இருப்பாரா என்பதை மழைக்காலம் தொடங்குமுன் நேரில் போய்க் கேட்டுவைக்க வேண்டும். அந்த நிலையத்தின் தொலைபேசி எண்ணையும் 108-ஐயும் மோட்டார் கொட்டகைச் சுவரில், டார்ச் வெளிச்சத்தில் தெரியும்படி பெயிண்டால் பெரிதாக எழுதி வைக்கலாம். இரண்டு முழ நீள மூங்கில் பத்தை இரண்டும், பழைய வேட்டியைக் கிழித்த நாலு துண்டும், ஒரு சோப்பும் அங்கேயே தொங்கட்டும். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடியும் இருந்தால் நல்லது. சேற்றில் நடக்கச் சிரமம்தான். இருந்தாலும் காலில் படும் கடிகள் பலவற்றை அது தடுக்கும்.