என்.சி.சி. கோடை முகாமுக்குக் கிளம்பும் முன்...

வானூர் பக்கத்துப் பள்ளி மாணவரா? 10 நாள் என்.சி.சி. முகாமுக்குப் பெயர் கொடுத்தாயிற்றா? இப்போதே தயாராகுங்கள்.

● ஓட்டம்: விடியற்காலையில் ஏரிக்கரை மண்பாதையில் ஓடுங்கள். திண்டிவனம் – புதுச்சேரி நெடுஞ்சாலை வேண்டவே வேண்டாம். முதல் வாரம் 1 கி.மீ. போதும், பிறகு வாரத்துக்கு அரை கி.மீ. கூட்டுங்கள்.

● பூட்ஸ்: புதுப் பூட்ஸை முகாமில்தான் முதல்முறை போடுவது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு வாரம் முன்பிருந்தே தடித்த சாக்ஸுடன் தினமும் ஒரு மணி நேரம் போட்டு நடங்கள். குதிகாலில் தோல் பழகிவிடும், கொப்புளம் குறையும்.

● தண்ணீர்: தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள். ஓடி வந்ததும் நீராகாரமோ உப்பு போட்ட மோரோ குடியுங்கள். அணிவகுப்பில் தலைசுற்றினால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்காமல் உடனே சொல்லிவிடுங்கள்.

● கட்டளைகள்: எல்லாம் இந்தியில்தான். ‘சாவ்தான்’ என்றால் விறைப்பாக நிற்க வேண்டும். ‘விஷ்ராம்’ என்றால் கால் அகட்டி நிற்க வேண்டும். ‘பீச்சே முட்’ என்றால் பின்பக்கம் திரும்ப வேண்டும். நண்பர் சொல்லச் சொல்லச் செய்து பழகுங்கள்.

● பெட்டியில்: தட்டு, டம்ளர், போர்வை, கொசுவலை, டார்ச், பூட்டு, ஷூ பாலிஷ், ஊசி நூல், வழக்கமாகச் சாப்பிடும் மருந்து. எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள்.

● அடுத்த படி: கல்லூரியிலும் என்.சி.சி.யைத் தொடருங்கள். ‘சி’ சான்றிதழும் பட்டமும் உரிய மதிப்பெண்ணோடு பெற்றால், யு.பி.எஸ்.சி. எழுத்துத் தேர்வு இல்லாமலே ராணுவ அதிகாரி தேர்வின் எஸ்.எஸ்.பி. நேர்காணலுக்கு விண்ணப்பிக்கலாம். பரங்கிமலையில் 1963-லிருந்து இயங்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு இதுவும் ஒரு வழி.