பஞ்சாங்கமும் பதிவேடும்

காலத்தை இறைவனின் வடிவமாகக் கண்டு வழிபடுவது நம் முன்னோர் மரபு. வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் என்னும் ஐந்து அங்கங்களை உடையதால் பஞ்சாங்கம் எனப் பெயர் வந்தது. சூரியன் மேட ராசியில் பிரவேசிப்பது சித்திரைப் புத்தாண்டு. தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்தரம் ஆகியவை நட்சத்திரத்தைக் கொண்டு அமைவதால், ஆங்கிலத் திகதியில் ஆண்டுதோறும் மாறி வரும்.

மலையகத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் இரண்டு கணக்குகளில் வாழ்ந்தனர். பிரட்டுக்களத்திலும் செக்ரோலிலும் ஆங்கிலத் திகதி. லயத்திலும் கோயிலிலும் தமிழ் மாதம். “அம்மன் திருவிழாவுக்கு மூன்றாம் நாள் பிறந்தவன்”, “காமன் கூத்து நடந்த மாசியில் பிறந்தவள்” என்றே வீடுகளில் சொல்லி வந்தனர். இதில் மாதம் தவறாது, ஆண்டுதான் தவறிவிடும். திருவிழா ஆண்டுதோறும் வருகிறதல்லவா?

ஆண்டின் பெயரும் அப்படியே. பிரபவ முதல் அட்சய வரை அறுபது பெயர்கள் சுழன்று வருகின்றன. 1964 சித்திரையில் பிறந்தது குரோதி வருஷம். 2024 சித்திரையில் பிறந்ததும் குரோதியே. “குரோதி” என்று மட்டும் எழுதி வைத்தால், அது பாட்டன் காலமா, பேரன் காலமா என்பது பின்வருவோருக்கு விளங்காது.

1948 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவரிடமும், தந்தை இங்கு பிறந்ததற்கோ, பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்ததற்கோ சான்று கேட்டது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டமோ, 1946 ஜனவரி 1க்கு முன் மணமானவர் 7 ஆண்டும், மணமாகாதவர் 10 ஆண்டும் இடைவிடாது வசித்ததை நிரூபிக்கச் சொன்னது. அந்த அநீதிக்குத் தொழிலாளர் பொறுப்பல்லர். எனினும் பிறந்த திகதிக்குப் பத்திரம் இல்லாத குடும்பங்கள் மேலும் துன்புற்றன.

1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும், 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 150,000 பேரின் நிலை பின்னர் தீர்மானிக்க விடப்பட்டது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், அதே 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வசித்தோருக்கும், இங்கு வாழும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை வழங்கியது. குடும்பங்களைப் பிரித்த திகதியே 39 ஆண்டுகளின் பின் உரிமைக்கு அளவுகோலாயிற்று. ஒரு திகதியின் வலிமை இத்தகையது.

2023இல் மலையக மக்களின் 200 ஆண்டு நினைவாக, ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபவனி நடைபெற்றது. அவ்வழியே நடந்து வந்து, காட்டில் நோயால் மடிந்தோர் பலர். அவர்களுக்குத் திவசம் கொடுக்க நாள் தெரிந்தவர் எவருமில்லை. திதி தெரியாதோருக்கு மகாளய அமாவாசையில் தர்ப்பணம் செய்வது நம் மரபு. பொது நினைவு நாளும் அத்தகைய கடனே.

ஆகவே அடியார்கள் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைத் தமிழ் ஆண்டு, மாதம், திதியோடு ஆங்கிலத் திகதியையும் சேர்த்து வீட்டில் எழுதி வைத்தல் வேண்டும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைப் பத்திரமாகப் பேண வேண்டும். கோயில் திருப்பணி, கும்பாபிஷேகம் ஆகியவற்றுக்கும் இதுவே முறை. திரும்பி வரும் நாளைப் பஞ்சாங்கம் சொல்லும். திரும்பி வராத நாளை நாமே எழுதி வைத்தாக வேண்டும். அதற்கு அம்பாள் அருள் துணை நிற்பதாக.