காட்டுவோர் கற்க வேண்டியவை: தாராசுரம் தரும் பாடம்

திருக்கோயிலுக்கு இறைவனை வழிபட வருவோர் ஒரு சாரார். சிற்பமும் கட்டடமும் காண வருவோர் மற்றொரு சாரார். பின்னவரின் வருகையே இக்காலத்தில் பண்பாட்டுச் சுற்றுலா என வழங்கப்பெறுகிறது. அவர்களுக்கு வழிகாட்டுதலைத் தொழிலாகக் கொள்ள விழையும் இளைஞர்களும் பலர் உளர். அயலூரிலிருந்து வரும் ஒருவர் ஒரு கோயிலில் தங்கும் பொழுது பெரும்பாலும் ஒரு மணி நேரமே. அச்சிறு பொழுதில் வழிகாட்டி சொல்வது எதுவோ, அதுவே அக்கோயிலைப் பற்றி அவர் வாழ்நாள் முழுதும் கொண்டிருக்கும் அறிவாக நின்றுவிடும். ஆதலின் காட்டுவோர் முதலில் கற்றோராதல் வேண்டும். எதனை, எவ்வாறு கற்பது என்பதற்குத் தாராசுரம் ஐராவதேசுவரர் திருக்கோயில் சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும்.

கோயிலின் வரலாறு

கும்பகோணத்தை அடுத்துள்ள இத்திருக்கோயிலை எடுப்பித்தவன் இரண்டாம் இராசராச சோழன். அவன் காலம் கி.பி. 12 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. சோழர்தம் பழைய நகரமாகிய பழையாறையின் ஒரு பகுதியாக அந்நாளில் இவ்வூர் விளங்கிற்று. இராசராசபுரம் என்னும் பெயரே நாளடைவில் மருவித் தாராசுரம் ஆயிற்று. தஞ்சைப் பெரிய கோயில் 1987 இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பெற்றது. 2004 இல் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் அதனுடன் சேர்க்கப்பெற்று, மூன்றும் ஒருங்கே 'வாழும் சோழர் பெருங்கோயில்கள்' எனப் பெயர் பெற்றன.

நூலறிவும் கல்லறிவும்

தாராசுரத்திற்கு வருவோர் கண்ணை முதலில் கவர்வது, குதிரைகள் இழுக்கும் தேர்போல் அமைந்த இராசகம்பீரன் திருமண்டபம். அடுத்து, காளைக்கும் யானைக்கும் ஒரே தலை பொதுவாக அமைந்த இடபகுஞ்சரச் சிற்பம். இவற்றைக் கண்டு வியந்து, படம் எடுத்துக்கொண்டு திரும்புவோரே மிகுதி. ஆனால் இக்கோயிலின் தனிப்பெருஞ் செல்வம் கருவறைப் புறச்சுவரின் அடிப்பகுதியில் உள்ளது. அங்கே நாயன்மார் வரலாறுகள் சிறு சிறு சிற்பங்களாக வரிசையாகச் செதுக்கப்பெற்றுள்ளன. குனிந்து நோக்காதார்க்கு அவை புலப்படா.

அவ்வரிசையில் ஒரு சிற்பம், முதலையின் வாயில் ஒரு குழந்தையைக் காட்டுகிறது. வரலாறு அறியாதார் அதனைக் கண்டால், முதலை குழந்தையை விழுங்குகிறது என்றே கொள்வர். திருத்தொண்டர் புராணம் கற்றவர் அவ்வாறு கொள்ளார். திருப்புக்கொளியூர் அவிநாசியில் முன்னொரு நாள் முதலை விழுங்கிய சிறுவனைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்டருளினார் என்பது வரலாறு. ஆகவே அங்கே முதலை குழந்தையை உண்ணவில்லை. உண்ட குழந்தையைத் திரும்பக் கொடுக்கிறது. கல் ஒன்றே, கல்லாதார்க்கு அது சாவைக் காட்டுகிறது, கற்றார்க்கு உயிர் மீட்சியைக் காட்டுகிறது. இலக்கியப் பயிற்சி இன்றிச் சிற்பம் காட்டப் புகுவார், உள்ள பொருளுக்கு நேர்மாறான பொருளை உரைத்துவிடக் கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

சேக்கிழார் பெருமான் திருத்தொண்டர் புராணம் பாடியது இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். அவன் மகனே இக்கோயிலை எடுப்பித்த இரண்டாம் இராசராசன். நூலாக மலர்ந்த அடியார் வரலாறு அடுத்த தலைமுறையிலேயே கல்லிலும் மலர்ந்தது. இத்தொடர்பை எடுத்துரைக்கும் வழிகாட்டி, ஒரு சிற்பத்தை மட்டுமன்றி ஒரு காலத்தின் உள்ளத்தையே காட்டியவர் ஆவார்.

எழுத்தைப் படித்தல்

நாயன்மார் சிற்பங்களை ஒட்டி அவர்தம் வரலாற்றைக் குறிக்கும் சிறு தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. வடபுறத் திருச்சுற்றில் சிவனடியார் 108 பேரின் உருவங்கள் பெயர்களுடன் காணப்பெறுகின்றன. ஆயினும் பழைய எழுத்து வடிவம் அறியாதார்க்கு இவையனைத்தும் வெறுங் கீறல்களே. சோழர்காலத் தமிழெழுத்தை முறையாகப் பயின்றால் சில திங்களில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஆற்றல் வந்துவிடும். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலுக்கும் சிற்பத்திற்கும் தனித் துறைகள் உள்ளன.

காலம் அறிதல்

ஒரு கோயிலில் உள்ள யாவும் ஒரே காலத்தன என்று கருதுதல் கூடாது. தாராசுரத்தில் இருந்து, இன்று தஞ்சைக் கலைக்கூடத்தில் வைக்கப்பெற்றுள்ள துவாரபாலகர் சிலை ஒன்று உண்டு. முதலாம் இராசாதிராசன் மேலைச் சாளுக்கியரின் கல்யாணபுரத்தை வென்றபோது கொண்டுவந்தது அது என்பதை அதன் பீடத்துக் கல்வெட்டே உரைக்கிறது. அவ்வெற்றி 11 ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்தது. எனவே கோயிலினும் சிலை மூத்தது. அதன் கலைமரபும் வேறு. சோழச் சிற்பியின் உளிக்கும் சாளுக்கியச் சிற்பியின் உளிக்கும் உள்ள வேறுபாட்டை அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பயில்வதே கலைவரலாற்றுக் கல்வியின் தொடக்கமாகும்.

தலபுராணமும் வரலாறும்

துருவாச முனிவர் சாபத்தால் நிறம் இழந்த ஐராவதம் இங்கு வழிபட்டு வெண்ணிறம் மீளப் பெற்றது என்பது தலபுராணம். இறைவன் திருநாமத்திற்கு அதுவே காரணமாகச் சொல்லப்படுகிறது. இது நம்பிக்கையின்பாற் பட்டது; போற்றுதற்குரியது. மன்னன் எடுப்பித்த செய்தியோ கல்வெட்டின்பாற் பட்டது. இரண்டையும் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் 'புராணம் இவ்வாறு கூறும்', 'கல்வெட்டு இவ்வாறு கூறும்' எனப் பிரித்துச் சொல்லுதலே நேர்மை. இரண்டினும் இல்லாததைக் கேட்போர் வியக்க வேண்டும் என்பதற்காகப் புனைந்துரைப்பது, சிற்பியின் உழைப்புக்கும் இறைவன் திருமுன்னிற்கும் இழைக்கும் பிழையாகும்.

கற்றதன் பயன் காத்தல்

பலிபீடத்தின் அருகே, தட்டினால் ஒலி எழுப்பும் கற்படிகள் உள்ளன. வருவோர் தட்டித் தட்டிச் சிதைக்காதிருக்கும் பொருட்டு அவை இன்று கம்பித் தடுப்பினுள் காக்கப்படுகின்றன. வியப்பை மட்டும் ஊட்டினால் மக்கள் தட்டிப் பார்ப்பர். அருமையை உணர்த்தினால் தள்ளி நின்று காண்பர். நாயன்மார் வரிசையின்மேல் கைவைத்துச் சாய்வோரும் அது இன்னதென்று அறிந்தால் தாமே விலகி நிற்பர். அதனை அறிவிக்க வேண்டியவர் வழிகாட்டியே.

எனவே இத்துறையில் புகும் இளைஞர் தம் ஊர்க் கோயிலிலிருந்தே தொடங்குக. தலபுராணத்தையும் பதிகத்தையும் படித்துக் கொள்க. அச்சில் வந்துள்ள கல்வெட்டுத் தொகுதியைக் கையில் கொண்டு சுவரருகே நின்று ஒப்பிடுக. அறியாததை அறியேன் என்று சொல்லப் பழகுக. பூசை நேரத்தில் விளக்கத்தை நிறுத்தி, உடன் வந்தாரையும் அமைதி காக்கச் செய்க. வாழும் கோயில் என்னும் பெயர் அங்கே வழிபாடு நிகழ்வதால் வந்ததாகும். அதனை அயலாருக்கு உணர்த்துவாரே கோயிலை உண்மையில் காட்டியவர் ஆவர்.