கஷ்டத்தில் விலகிய உறவுகள்

கேள்வி: திருப்பூரில் கணவர் நடத்திய ஜாப்-ஒர்க் யூனிட் நொடித்து, ஓவர்லாக் மெஷின்களை விற்றுவிட்டோம். சொந்தக்காரர்கள் போனைக்கூட எடுப்பதில்லை. மெஷின் ஏற்றிய அன்று பக்கத்து வீட்டு அக்கா மட்டும் பிள்ளைகளுக்குச் சோறு போட்டார். இனி யாரை நம்புவது?
– ஒரு வாசகி

பதில்: உங்கள் வலி நியாயமானது, அம்மா. 'நட்பாராய்தல்' அதிகாரத்தின் 796-வது குறளில் வள்ளுவர், உறவை அளக்கும் கோலாகக் கேட்டையே காட்டுகிறார். கேட்டிலும் ஒரு நன்மை உண்டென்று சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்!

ஆனால் அளப்பதில் அவசரம் வேண்டாம். பணம் கேட்டுவிடுவார்களோ என்று பயந்து ஒதுங்குபவர் உண்டு. கொடுக்க முடியவில்லையே என்று கூசி ஒதுங்குபவரும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இருவரும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். "பணத்துக்காகக் கூப்பிடல, உங்க குரலைக் கேக்கணும்போல இருந்துச்சு" என்று வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புங்கள். கூசியவர் பெரும்பாலும் திரும்ப அழைப்பார். அழைக்காதவரை வெறுக்க வேண்டாம். எதிர்பார்ப்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நெடுநேரம் நிறுத்தியது அந்த அக்காதான். அவரை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். வராதவர்களைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தால் வந்தவர் கண்ணில் படமாட்டார். நாளைக்கே அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுங்கள். கணவரையும் கவனியுங்கள், யாரால் நஷ்டம் என்ற பேச்சு இப்போதைக்கு வீட்டுக்குள் வேண்டாம்.