நடந்து கற்ற தமிழ்

திருவல்லிக்கேணிக்கும் மயிலாப்பூருக்கும் கிழக்கே நீண்டு கிடக்கும் மெரீனாக் கடற்கரையில், தமிழுக்குத் தொண்டு புரிந்த சான்றோர் பலரின் சிலைகள் நிற்கின்றன. 1968-ஆம் ஆண்டில் நடைபெற்ற இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவப்பெற்றவை அவை. அவர்களுள் வீரமாமுனிவர், கால்டுவெல், போப் ஆகிய மூவரும் கடல் கடந்து வந்தவர்கள்; வளர்ந்த பின்னரே தமிழைக் கற்றவர்கள். அயல்மொழி ஒன்று ஒருவருடைய நாவில் அச்சமின்றிப் பழகுவது எங்ஙனம் என்பதனைக் கால்டுவெல்லின் வரலாறு நன்கு காட்டும்.

இராபர்ட்டு கால்டுவெல் 1814-ஆம் ஆண்டு அயர்லாந்தில் பிறந்தவர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பயின்றவர். சமயப் பணியை மேற்கொண்டு, 1838-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சென்னையை வந்தடைந்தபொழுது அவருக்கு வயது இருபத்து மூன்று. திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்த துரூ என்பார் அப்போது சென்னையில் வாழ்ந்தார். அவருடைய துணையுடன் கால்டுவெல் தமிழ் பயின்றார். மூன்றாண்டுகள் இவ்வாறு கழிந்தன.

ஆயினும், ஏட்டுத் தமிழ் வேறு. வீட்டுத் தமிழ் வேறு. 'வந்துகொண்டிருக்கிறான்' என்று நூலில் கற்றவனுடைய செவியில், சென்னைத் தெருவிலே 'வந்துகினு இருக்கான்' என்பது விழும். தென்பாண்டி நாட்டிலோ 'வந்துகிட்டு இருக்கான்' என்பர். கோவைப் பக்கத்தார் பேச்சில் 'ங்க' என்னும் மரியாதைச் சொல் அடிக்கடி வந்து ஒட்டிக்கொள்ளும். இலக்கணம் முழுதும் அறிந்தவனும் இவற்றின் நடுவே திகைத்து நிற்பான். பிழைபடப் பேசினால் பிறர் நகைப்பரே என்று அவன் நா தயங்கும். இத்தயக்கத்தைப் போக்கும் அகராதி எதுவும் இல்லை.

1841-ஆம் ஆண்டில் கால்டுவெல் திருநெல்வேலிச் சீமைக்குப் புறப்பட்டார். அந்நாளில் ஐரோப்பியர் பல்லக்கில் ஏறிச் செல்வதே வழக்கம். அவரோ கால்நடையாகவே செல்லத் துணிந்தார். மக்களின் எண்ணங்களையும் பழக்க வழக்கங்களையும் பேச்சையும் நெருங்கி அறிய வேண்டுமாயின், பிறர் தோள்மேல் ஏறிச் செல்லுதல் பயன்படாது என்பது அவர் கருத்து. நேர்வழியும் அவர் நாடிற்றிலர். தஞ்சை, திருச்சிராப்பள்ளி, நீலகிரி, மதுரை எனச் சுற்றிச் சென்றார். நடந்து வரும் வெள்ளையரை ஊரார் உயர்வாக மதிக்காத காலம் அது. அவ்விழிவையும் அவர் பொறுத்துக்கொண்டார்.

பல்லக்கில் செல்பவனுக்குத் துபாஷி ஒருவன் போதும். நடந்து செல்பவனோ வழி கேட்க வேண்டும். குடிக்க நீர் கேட்க வேண்டும். இரவு தங்கத் திண்ணையோ சத்திரமோ வினவ வேண்டும். தயங்கினால் தாகம் தீராது! ஒரே கேள்வியை நாளும் பத்துப் பேரிடம் கேட்க நேரும்பொழுது, முதல் நாள் தடுமாறிய வாய் பத்தாம் நாள் தானே பேசும். இக்காலத்தில் ஸ்பானிய மொழி பயிலும் வெளிநாட்டு மாணவர், ஸ்பெயின் நாட்டுச் சலமாங்கா நகருக்குச் சென்று, அந்நாட்டுக் குடும்பங்களுடன் தங்கிப் படிப்பதும் இதுபற்றியே. வகுப்பில் இரண்டு மணி நேரம் கற்ற வினைச்சொல்லை, அன்றிரவே உணவு பரிமாறும் இல்லத்தலைவியிடம் சொல்லிப் பார்க்கும் வாய்ப்பு அங்குண்டு. அயல்நாடு சென்றும் தம் நாட்டாரோடு மட்டுமே கூடிப் பேசுவோர், பல்லக்கில் செல்வோரையே ஒப்பர்.

இதனால் ஏட்டுக் கல்வி வீண் என்பதன்று. போப் தமிழகத்திற்கு வந்தது 1839-இல்; அவர் தமிழில் முதற்பாடம் கற்றதோ அதற்கு ஈராண்டுகட்கு முன், 1837-இல். கால்டுவெல்லும் சென்னையில் கற்ற மூன்றாண்டுக் கல்வியைத் துணைக்கொண்டன்றோ நடக்கத் தொடங்கினார்? வழியில் கேட்ட பேச்சு, முன்னரே கற்றதன்மேல் சென்று படிந்தது.

அவ்வாண்டின் இறுதியில் கால்டுவெல் இடையன்குடியை அடைந்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856-இல் வெளிவந்தது. ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் அவ்வூரையே தம் ஊராகக் கொண்டு வாழ்ந்த அவர், 1891-இல் கொடைக்கானலில் காலமானார். அவர் உடலை இடையன்குடிக்கே கொண்டுவந்து, அவர் எழுப்பிய கோவிலில் அடக்கம் செய்தனர்.