ஆர்லாண்டோ: மூன்று பூங்கா போதும்

ஐந்து நாள் பயணத்தில் எத்தனை பூங்கா பார்க்கலாம் என்பதுதான் ஆர்லாண்டோ கிளம்புகிற குடும்பங்கள் முதலில் கேட்கும் கேள்வி. டிஸ்னியில் நான்கு பெரிய பூங்காக்கள், 2025இல் திறந்த எபிக் யுனிவர்ஸையும் சேர்த்தால் யுனிவர்சலில் மூன்று, சீவேர்ல்டு ஒன்று, நீர் விளையாட்டுப் பூங்காக்கள் தனி. பட்டியலைப் பார்த்தால் எதையும் விட மனசு வராது. ஆனாலும் மூன்று போதும், மீதி இரண்டு நாளில் ஒன்று விண்வெளி மையத்துக்கு, ஒன்று ஓய்வுக்கு என்றுதான் சொல்வேன். ஒரு பூங்காவில் ஒரு நாளைக்குப் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடப்பது சாதாரணம். நான்காம் நாள் காலையில் குழந்தையும் பாட்டியும் எழுந்திருக்கவே மாட்டார்கள். உங்கள் குழுவில் யார் சீக்கிரம் களைப்பாரோ அவரை வைத்துத் திட்டம் போடுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு நல்ல காலம் மே மாதத்தின் முதல் பாதி. இங்கே பள்ளி விடுமுறை தொடங்கியிருக்கும், அமெரிக்கப் பள்ளிகள் இன்னும் நடந்துகொண்டிருக்கும். ஜூன் பிறந்துவிட்டால் கூட்டமும் சேரும், மழையும் சேரும். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரத்தில் தயவுசெய்து போகாதீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெரும்பாலான நாள்களில் பிற்பகலில் இடியோடு மழை கொட்டும். மின்னல் அருகே வந்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். அப்போது பலர் அறைக்குத் திரும்பிவிடுவார்கள். நீங்கள் ஏதாவது ஓர் உள்ளரங்குக் காட்சியில் உட்கார்ந்திருங்கள். மழை விட்டபின் வரிசைகள் குறைந்திருக்கும். மழைக்கோட்டை ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள், பூங்காவில் விலை அதிகம்.

பூங்கா திறந்த முதல் இரண்டு மணி நேரம்தான் அந்த நாளின் தங்கம். நண்பகலில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டிய ரைடில் அப்போது விறுவிறுவென்று ஏறி இறங்கிவிடலாம். எனவே கதவு திறப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பே வாசலில் இருங்கள். டிஸ்னியின் மேஜிக் கிங்டமுக்கு மட்டும் இன்னும் முன்னதாகக் கிளம்ப வேண்டும். அங்கே காரை நிறுத்தும் இடம் ஏரிக்கு இந்தப் பக்கம், பூங்கா அந்தப் பக்கம். அங்கிருந்து படகிலோ மோனோரயிலிலோதான் போக வேண்டும். நண்பகல் வெயிலில் அறைக்குத் திரும்பிக் குளித்துத் தூங்கி, மாலை ஐந்து மணிக்கு மறுபடி வாருங்கள். அதே டிக்கெட்டில் அதே பூங்காவுக்குள் மீண்டும் நுழையலாம். ஒரே நாளில் பல பூங்காக்களுக்குத் தாவும் டிக்கெட் சிறு குழந்தைகளோடு போகிறவர்களுக்கு வீண் செலவு.

ஆனால் ஹாரி பாட்டர் பிரியர்கள் வீட்டில் இருந்தால் யுனிவர்சலில் கணக்கு வேறு. டயகன் ஆலி ஒரு பூங்காவில், ஹாக்ஸ்மீட் பக்கத்துப் பூங்காவில். இரண்டையும் இணைக்கும் ஹாக்வார்ட்ஸ் எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏற, இரண்டு பூங்காவுக்கும் செல்லும் டிக்கெட் கட்டாயம். இதைத் தெரியாமல் போய் ரயில் நிலைய வாசலில் பிள்ளையைச் சமாதானப்படுத்தும் பெற்றோர் உண்டு. எபிக் யுனிவர்ஸ் சில கிலோமீட்டர் தள்ளித் தனியாக இருக்கிறது, அதற்கு ஒரு முழு நாள் வேண்டும்.

குழந்தையின் உயரத்தை வீட்டிலேயே அளந்துகொள்ளுங்கள். ஸ்பேஸ் மவுண்டனுக்கு 112 செ.மீ., ஹாக்ரிட் மோட்டார் பைக் ரைடுக்கு 122 செ.மீ. ஒரு விரற்கடை குறைந்தாலும் ஏற்ற மாட்டார்கள், கெஞ்சிப் பயனில்லை. எதில் ஏற முடியாது என்பதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பெற்றோர் இருவருக்கும் ஏற ஆசையிருந்தால், ஒருவர் குழந்தையோடு வெளியே இருக்க, மற்றவர் ஏறி வந்தபின் நீண்ட வரிசையில் நிற்காமல் மாறிக்கொள்ளும் வசதி டிஸ்னியிலும் யுனிவர்சலிலும் உண்டு. ஊழியரிடம் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்பா அம்மாவை அழைத்துப் போனால் டிஸ்னியின் எப்காட்டைத் தேர்ந்தெடுங்கள். பசுமைக்குடில்களுக்குள் படகில் போய்ப் பயிர் வளர்ப்பைப் பார்க்கும் லிவிங் வித் த லேண்ட், விவசாயம் தெரிந்த பெரியவர்களுக்கு மிகவும் பிடிக்கும். அனிமல் கிங்டமின் சஃபாரியும் நன்றாக இருக்கும், ஆனால் வண்டி குலுங்கும். முதுகுவலிக்காரர்கள் யோசிக்க வேண்டும். காலையில் போனால் விலங்குகள் சுறுசுறுப்பாக நடமாடும். சக்கர நாற்காலி எல்லாப் பூங்காக்களிலும் வாடகைக்குக் கிடைக்கும். அதை வாங்கப் பெரியவர்கள் கூச்சப்படுவார்கள். நீங்களே எடுத்துவந்து உட்கார வையுங்கள்.

சாப்பாட்டுக் கவலை வேண்டாம். டிஸ்னி பூங்காக்களுக்குள் வெளியுணவு கொண்டுபோகலாம். கண்ணாடிப் பாத்திரமும் மதுவும்தான் கூடாது. புளியோதரையோ சப்பாத்திச் சுருளோ கட்டிக்கொண்டால் பணமும் மிச்சம், வயிறும் கெடாது. விரைவு உணவுக் கடைகளில் குளிர்ந்த தண்ணீர் இலவசமாகத் தருவார்கள். யுனிவர்சலில் வெளியுணவுக்குக் கட்டுப்பாடு கூடுதல்.

இனி அந்த விண்வெளி நாள். கிழக்கே ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் கென்னடி விண்வெளி மையம். போனதும் முதலில் பேருந்தில் ஏறி, 110 மீட்டர் நீளமுள்ள சாட்டர்ன் 5 ராக்கெட்டைப் பார்த்துவிடுங்கள். பிற்பகலுக்குப் பிறகு அந்தப் பேருந்தை நம்ப முடியாது. திரும்பி வந்து, உண்மையிலேயே விண்ணுக்குப் போய்வந்த அட்லாண்டிஸ் ஓடத்தை நிதானமாகப் பாருங்கள். அதே கட்டடத்தில், சேலஞ்சர், கொலம்பியா விபத்துகளில் இறந்த 14 வீரர்களுக்கான நினைவுக்கூடம் இருக்கிறது. 2003இல் கொலம்பியாவில் கல்பனா சாவ்லா கிளம்பியது இங்கிருந்துதான். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை அவசியம் அந்த நினைவுக்கூடத்தில் நிற்க வையுங்கள். எந்த ரோலர் கோஸ்டரும் தராத ஒன்றை அவர்கள் அங்கே பெறுவார்கள்.

ஓய்வு நாளில் மனம் கேட்கவில்லையென்றால் வெகீவா ஊற்றுக்குப் போய் நீந்துங்கள். ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 22 டிகிரி குளிர்ச்சி. கார் நிறுத்துமிடம் நிரம்பினால் வாயிலை மூடிவிடுவார்கள், காலை எட்டு மணிக்கே போய்விடுங்கள். ஒன்று மட்டும்: புளோரிடாவில் ஏரி, குளம் எதுவானாலும் முதலை இருக்கலாம் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். நீந்த அனுமதித்த இடம் தவிர வேறெங்கும், விடுதிக் குளக்கரையிலும் சரி, குழந்தையைத் தண்ணீர் ஓரம் விடாதீர்கள்.

கார் வாடகைக்கு எடுத்தால் சுங்கக் கட்டணத்தை முதலிலேயே விசாரியுங்கள். விமான நிலையத்தைச் சுற்றி 417, 528 என எங்கு திரும்பினாலும் சுங்கச்சாலைதான். வாடகை நிறுவனத்தின் சுங்கத் திட்டத்துக்கு நாள் கட்டணம் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்ட பிறகு சாவியை வாங்குங்கள்.