திரும்பி வந்த மின்னஞ்சலைப் படித்துப் பார்ப்போம்

அனுப்பிய மின்னஞ்சல் போய்ச் சேரவில்லை என்றால், “ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள்” என்ற ஒரே மருந்தை எல்லா நோய்க்கும் கொடுக்கிறோம். பல நேரங்களில் அஞ்சல் அந்தப் பெட்டி வரைக்கும்கூடப் போயிருக்காது. பெறுநரின் சர்வர் அதை வாங்கி ஸ்பேம் பெட்டியில் போட்டிருக்கலாம். ‘பிறகு வா’ என்று சொல்லியிருக்கலாம். அல்லது வாசலிலேயே மறுத்திருக்கலாம். இந்த மூன்றுக்கும் தீர்வு வேறுவேறு.

முதல் வகை எளிது. பெறுபவர் அஞ்சலைத் திறந்து ‘ஸ்பேம் அல்ல’ என்று குறித்து, அனுப்புநரின் முகவரியைத் தொடர்புப் பட்டியலில் சேர்த்தால் போதும். ஜிமெயிலில் ஸ்பேம் பெட்டியில் கிடப்பவை 30 நாளில் தாமாக அழிந்துவிடும் என்பதால் தள்ளிப்போடக் கூடாது.

மற்ற இரண்டு வகைகளில் நமக்கு ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வரும். நம்மில் பலர் அதைப் படிக்காமலே நீக்கிவிடுகிறோம். அதில் உள்ள மூன்று இலக்க எண்ணை மட்டுமாவது பாருங்கள். 4-இல் தொடங்கினால் தற்காலிகத் தடை. அறிமுகமில்லாத சர்வரை முதல் முறை வேண்டுமென்றே திருப்பி அனுப்பும் பழக்கம் சில இடங்களில் உண்டு; நம் சர்வர் தானே மீண்டும் முயலும், நாம் பத்து முறை அனுப்பத் தேவையில்லை. 5-இல் தொடங்கினால் நிரந்தர மறுப்பு. காரணத்தைச் சரிசெய்யாமல் எத்தனை முறை அனுப்பினாலும் பயன் இல்லை.

சொந்த இணையப் பெயரில் மின்னஞ்சல் வைத்திருக்கும் ஒரு பள்ளிக்கு இது நேர்ந்தது. கல்வி உதவித்தொகைக்காகப் பிளஸ் டூ மாணவர்களின் சான்றுகளை ஓர் அறக்கட்டளைக்கு அனுப்பினார்கள். கடைசி நாளுக்கு இரண்டு நாளே மீதி. அனுப்பிய ஒவ்வொன்றும் திரும்பியது. அறக்கட்டளை நம்மைத் தடை செய்துவிட்டது என்று தலைமையாசிரியர் கலங்கிப் போய் என்னை அழைத்தார். அறிவிப்பைப் பார்த்தேன்: 550, அடுத்து 5.7.26. அறக்கட்டளையின் முகவரி ஜிமெயில். அனுப்புநர் யார் என்று உறுதிசெய்ய முடியவில்லை என்பதே அந்த எண்ணுக்கு ஜிமெயில் தரும் பொருள்.

மாலையில் பிள்ளையை அழைத்துச் செல்ல யார் யார் வரலாம் என்று பெற்றோர் எழுதிக் கொடுக்கும் பட்டியல் சில பள்ளிகளில் உண்டு அல்லவா? எஸ்.பி.எஃப். என்பதும் அப்படித்தான். எங்கள் பெயரில் அஞ்சல் அனுப்ப இன்னின்ன சர்வர்களுக்கே உரிமை என்று இணையப் பெயரின் உரிமையாளர் டி.என்.எஸ். பதிவில் எழுதி வைக்கும் வரி அது. டி.கே.ஐ.எம். என்பது அஞ்சலின் மேல் இடப்படும் முத்திரை. வழியில் யாராவது உள்ளடக்கத்தை மாற்றினால் முத்திரை பொருந்தாது. இவை தவறினால் என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பு டிமார்க். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் தனக்கு அஞ்சல் அனுப்பும் எல்லாரிடமும் முதல் இரண்டில் ஒன்றாவது கேட்கிறது.

அந்தப் பள்ளி கோடை விடுமுறையில் மின்னஞ்சல் சேவையை வேறு நிறுவனத்துக்கு மாற்றியிருந்தது. பட்டியலிலோ பழைய சர்வர் மட்டுமே இருந்தது; முத்திரையும் அமைக்கப்படவில்லை. ஆக, தடைக்குக் காரணம் அறக்கட்டளை அல்ல. சேவை நிறுவனத்தாரிடம் சொன்னதும் புதிய எஸ்.பி.எஃப். வரி ஒன்றைச் சேர்த்தார்கள், பழையதை அப்படியே விட்டுவிட்டு. ஓர் இணையப் பெயருக்கு அப்படி ஒரு வரிதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் சோதனை பிழையாகவே முடியும். இரண்டையும் ஒன்றாக்கச் சொன்னோம். டி.என்.எஸ். மாற்றம் பரவச் சில மணி நேரம் ஆகலாம் என்பதால், அதுவரை காத்திருக்காமல் அறக்கட்டளைக்குத் தொலைபேசியில் தகவல் சொல்லிவிட்டு, பள்ளியின் மற்றொரு ஜிமெயில் முகவரியிலிருந்து சான்றுகளை அனுப்பச் செய்தேன். அவை உரிய நாளுக்குள் சேர்ந்தன. மறுநாள் பள்ளி முகவரியும் சீரானது.

ஜிமெயிலிலிருந்தே அனுப்புவோருக்கு இந்தப் பதிவுத் தொல்லை இல்லை. நம் பக்கத்துக் காரணங்கள் வேறு: கடவுச்சொல் இட்ட ஜிப் கோப்பு, சுருக்கப்பட்ட இணைப்பு முகவரி, தலைப்பே இல்லாத அஞ்சல், ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கானோருக்கு அனுப்புதல். மாணவர் பட்டியலுக்குக் கடவுச்சொல் இடுவது நல்ல பழக்கம்தான். ஆனால் அத்தகைய ஜிப்பை ஜிமெயில் ஏற்காமல் போகலாம். கோப்பை டிரைவில் வைத்து, உரியவருக்கு மட்டும் அனுமதி கொடுப்பது மேல்.

கணினி ஆய்வகத்தில் பதினொன்றாம் வகுப்புக்கு இதைக் காட்டலாம். ஏதேனும் ஓர் அஞ்சலைத் திறந்து ‘ஷோ ஒரிஜினல்’ என்பதைத் தேர்ந்தால், மேலே சொன்ன மூன்று சோதனைகளின் முடிவுகளும் தெரியும். மாணவர் தகவல் இல்லாத அஞ்சலாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். என் வகுப்பில் ஒரு மாணவி ஸ்பேம் பெட்டியில் கிடந்த பரிசுச்சீட்டு அஞ்சலைக் காட்டி, “சார், இதுலயும் மூணும் பாஸ்னு இருக்கே?” என்று கேட்டாள். ஏமாற்றுக்காரரும் சொந்தமாக ஓர் இணையப் பெயர் வாங்கிப் பட்டியலும் முத்திரையும் சரியாக வைத்துக்கொள்ளலாம். அஞ்சல் அந்தப் பெயரிலிருந்துதான் வந்தது என்பதற்கே இச்சோதனைகள் சாட்சி. அந்தப் பெயருக்குரியவர் நல்லவரா என்பதை அவை சொல்வதில்லை.